பதிமூன்றாவது மீட்டர்

பூமிக்கு அடியில் பதிமூன்று மீட்டர் ஆழத்திலிருந்து வந்த செம்புத் துண்டில் யாரோ ஆணியால் சூலம் கீறியிருந்தார்கள்.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். சூலம்தான். மூன்று முனை, ஒரு தண்டு, தண்டுக்குக் கீழே ஒரு கட்டத்தின் மூலை. துண்டு என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். மனிதன் பிறப்பதற்குக் கோடிக்கணக்கான வருஷம் முன்னால் உண்டான பாறைக்குள் உட்கார்ந்து ஒருவன் சூலம் வரைந்திருக்கிறான் என்றால் அவன் யார்? ஷைத்தானை விரட்ட அவூது ஓதினேன். எம்.எஸ்ஸி. ஜியாலஜி, முதல் வகுப்பு, எல்லாம் அந்த நிமிஷம் எங்கே போய் ஒளிந்துகொண்டதென்று தெரியவில்லை.

என் பெயர் மிஸ்ரியா. தென்காசிக்காரி. செம்பும் வெள்ளியும் தேடுகிற ஒரு கம்பெனியில் ஏழு மாதமாக வேலை பார்க்கிறேன். குற்றாலத்தில் பூட்டிக் கிடந்த ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தைக் கம்பெனி வாடகைக்குப் பிடித்திருக்கிறது. வெளியே சீசன் கூட்டம் எண்ணெய் வழிய அருவிக்குப் போய்க்கொண்டிருக்கும். உள்ளே நான் கல்லைக் கழுவி வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வைர முனை வைத்த குழாயைப் பூமிக்குள் சுழற்றி இறக்கினால் பாறை பூரிக்கட்டைப் பருமனில் உருளை உருளையாக மேலே வரும். கோர் என்போம். அதை ஆழ வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்கி, எந்த மீட்டரில் என்ன பாறை, என்ன உலோகம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அச்சன்புதூருக்கு மேற்கே ஒரு பொட்டலில் ஆறு துளை போட்டு ஒன்றும் கிடைக்காமல், ஏழாவது துளையின் பதிமூன்றாவது மீட்டரில்தான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

அதற்கு ஆறு நாள் முன் அந்தப் பெட்டி வந்தபோது நான் துள்ளிக் குதிக்காத குறை. உடைந்த கல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே செம்புச் சிம்புகள். கூடவே இரண்டு வெள்ளித் துணுக்கு. வேறெதோடும் கலக்காமல் செம்பு செம்பாகவே, வெள்ளி வெள்ளியாகவே கிடைப்பது எங்கள் தொழிலில் ஆயுசுக்கு ஒருமுறை நடக்கிற காரியம். அன்றைக்கே சென்னைக்கு எழுதினேன். அவ்வளவுதான், ஆபீஸ் தலைகீழானது. பதினெட்டு டன் லாரியில் ஏற்றிய, துளை போடுகிற பெரிய ரிக்கை அனுப்புகிறோம், அதே இடத்தில் நிறுத்தி ஆழமாகப் போடுங்கள் என்றார்கள். நான் சூலத்தைப் பார்த்த அன்றுதான் அந்த ரிக் வருகிற நாள். பதினோரு மணிக்கு. அதற்குள் செம்பை நன்றாகக் கழுவி ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எலுமிச்சம்பழச் சாற்றில் போட்டுக் கழுவி, சுருண்டிருந்த ஒரு சிம்பை இடுக்கியால் விரித்தபோதுதான் அதற்குள்ளிருந்து சூலம் என்னைப் பார்த்தது.

கோர் கழுவ வருகிற இசக்கிச்செல்வி வாளியோடு பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"இது தகடுல்லா, மேடம்" என்றாள்.

"எந்தத் தகடு?"

"மந்திரிச்ச தகடு. ஒரு எடத்துல நடமாட்டம் இருந்துதுன்னா அது மேல வராம இருக்க பதிச்சு வைப்பாங்க. செம்புல எழுதி, ஒரு துண்டு வெள்ளியும் உள்ள வச்சு சுருட்டுவாங்க. எங்க வாசப்படிக்கு அடியிலயும் ஒண்ணு கெடக்கு."

செம்பு. வெள்ளி. ஒரே இடத்தில். நான் ரிப்போர்ட்டில் எழுதியிருந்த அதே இரண்டும் இசக்கிச்செல்வியின் வாசற்படிக்கு அடியில் கிடக்கின்றன.

ஜின்னோ பேயோ இல்லை என்று தெரிந்ததும் ஒரு கணம் நிம்மதியாகத்தான் இருந்தது. அடுத்த கணம் மானம் போன வலி. பதிமூன்று மீட்டர் ஆழத்தில் மழைத்தண்ணீர் பட்டுக் கிடந்த செம்பு பச்சை பூத்துக் கறுத்திருக்க வேண்டும், கழுவுவதற்கு முன்பே பளபளத்திருக்காது என்று முதலாமாண்டு மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பார்த்தேன், ஆசை கண்ணை மறைத்தது, எழுதிவிட்டேன்.

மூன்றாவதாக வந்ததுதான் பயம். அது இன்றுவரை போகவில்லை.

தகட்டைத் துளைக்குள் போட்டது ரிக்கில் வேலை பார்க்கிறவர்கள்தான், வேறு யார் போடப் போகிறார்கள். ஆனால் துளைக்குப் பூஜை போடுகிறவர்கள் முதல் நாளே துளையின் வாயில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள், தேங்காய் உடைப்பார்கள். பன்னிரண்டு மீட்டர் போன பிறகு, பாதி வேலையில், எதையோ கட்டிப்போடுகிற தகட்டை ஏன் போட வேண்டும்? அங்கே எதைக் கண்டு பயந்தார்கள்?

ஏழாவது துளையின் இரண்டாவது பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மீட்டர் வரை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, வெட்டி வைத்த கரும்பு மாதிரி நேராக இருந்தது. பதிமூன்றரைக்குக் கீழே மறுபடி நல்ல பாறை. நடுவில் ஒன்றரை மீட்டருக்கு உடைந்த கல் என்று எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தேன். கொஞ்சம் உண்மையான சில்லு. மீதியெல்லாம் செம்மண் ஒட்டிய, மூலை மழுங்கிய சரளை. பொட்டலில் ரிக்குக்குப் பக்கத்தில் காலில் இடறுகிற அதே சரளை. யாரோ அள்ளிப் பெட்டியை நிரப்பியிருக்கிறார்கள்.

அந்த ஒன்றரை மீட்டரில் பாறையே இல்லை. வெறும் பொந்து.

அந்தப் பொட்டலில் நாங்கள் ஏன் தேடுகிறோம் என்று சொன்னால்தான் என் பயம் புரியும். அங்கே ஒரு சுண்ணாம்புப் பாறைப் பட்டை தெற்கு வடக்காக ஓடுகிறது. எப்போதோ ஒரு காலத்தில் அதன் விலாவில் கருங்கல் குழம்பாகக் கொதித்து ஏறியிருக்கிறது. சுண்ணாம்பும் குழம்பும் தொட்டுக்கொண்ட எல்லையில் இரண்டும் சேர்ந்து வெந்து சிவப்புக் கார்னெட்டும் பச்சைக் கல்லுமாக வேறொரு பாறை ஆகிவிடும். ஸ்கார்ன் என்று பெயர். செம்பும் வெள்ளியும் வந்து தங்க அதைவிட நல்ல வீடு கிடையாது. ஆனால் மிச்சமிருக்கிற சுண்ணாம்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தண்ணீர் அதைக் கரைக்கும். கரைந்த இடம் பொந்தாகும், பொந்துக்கு மேலே மண் கூரை போலத் தொங்கும். தண்ணீர் மேலும் மேலும் போனால் கூரை மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழும். மேலே நிற்கிறவனுக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது.

தண்ணீர் என்றதும் மேஜைப் பக்கம் திரும்பினேன். துளை போடும்போது முனை சூடாகாமல் இருக்கக் குழாய் வழியே தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அது பாறைத்தூளை அள்ளிக்கொண்டு மேலே திரும்பி வரவேண்டும். மேஜையில் தினசரி ஷீட்டுகள் கிடந்தன. புரட்டினேன். திங்கள், திரும்பும் தண்ணீர்: இல்லை. செவ்வாய், இல்லை. புதன், இல்லை. ஆறு நாளும் இல்லை. ஒவ்வொன்றின் கீழும் அழகாக என் கையெழுத்து. ஒரு நாளைக்கு ஒன்பது டேங்கர், ஆறு நாள். அத்தனை தண்ணீரும் அந்தப் பொந்துக்குள்தான் போயிருக்கிறது.

அதை உள்ளே அனுப்புகிற பம்பை ஓட்டுவது என் வீட்டுக்காரர்.

முகம்மது ஆசிக் ஒன்பது வருஷம் சவூதியில் ரிக் பம்ப் ஓட்டியவர். திரும்பி வந்து வீட்டில் சும்மா இருந்தவரை, இங்கேயே வேலை இருக்கிறது, வாருங்கள் என்று கூப்பிட்டுச் சேர்த்துவிட்டவள் நான். சைட்டில் எல்லார் முன்னாலும் என்னை மேடம் என்று கூப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அதற்கு ஒரு மணிநேரம் சிரிப்பார்.

அவருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் வெடி வெடித்தாலும் அவருக்குக் கேட்காது. ரிக் ஓட்டுகிற மாடன் அண்ணாச்சிக்குப் போட்டேன். அவரும் எடுக்கவில்லை. சென்னையில் இருக்கிற மேனேஜர் மகாராஜாவுக்குப் போட்டேன். பெயருக்கேற்ற மனுஷர், எங்கள் பக்கத்துக்காரர்தான்.

"சார், அது செம்பு இல்ல. மந்திரிச்ச தகடு. கீழ பொந்து இருக்கு. பெரிய ரிக்கை ஏத்தாதீங்க. இப்ப நிக்கிற ரிக்கையும் நிறுத்தச் சொல்லுங்க."

"செம்புன்னு எழுதினது நீங்கதானம்மா" என்றார். "ஆறு நாள்ல அது தகடாயிட்டு. நான் மேல போய் என்னன்னு சொல்ல? நேர்ல போய் நல்லாப் பாத்துட்டுப் பேசுங்க. லாரி இலத்தூர் தாண்டிட்டாம்."

அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஆடிச் சாரலில் குற்றாலத்தை விட்டு வெளியேறுவது லேசான காரியமா. வேனும் காரும் பஸ்ஸும் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றன. ஈரத்துண்டும் பலாச்சுளைப் பொட்டலமுமாக ஒரு குடும்பமே என் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நின்று செல்ஃபி எடுத்தது. ஹாரன் அடித்தேன். "அக்காவுக்கு என்ன அவசரம்" என்று ஒருத்தன் சிரித்தான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது, அழவும் வந்தது. இலஞ்சி தாண்டிய பிறகுதான் சாலை விட்டது.

வண்டி ஓடியது, மனசு வேறெங்கோ ஓடியது. அந்தப் பெட்டி வந்த அன்று சாயந்தரம் அடுப்படியில் ஆசிக்கிடம் போனை நீட்டி, பாருங்க மச்சான், செம்பு, வெள்ளி, என் கையால எடுத்தேன் என்று போட்டோவைக் காட்டினேன். அவர் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். நல்லாருக்கு என்று திருப்பித் தந்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். புருஷனுக்குப் பொறாமை என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது இலத்தூர் விலக்கில் திரும்பும்போதுதான் தோன்றியது. அவருக்குத் தெரியும். தகடு போட்டபோது அவரும் அங்கே நின்றிருக்கிறார். தெரிந்துகொண்டே ஆறு நாளாக அந்தப் பொந்தின்மேல் நின்று பம்ப் ஓட்டுகிறார். யா அல்லாஹ், நான் போய்ச் சேரும்வரை அந்த மண்ணைப் பிடித்து வை என்று வாய்விட்டே சொன்னேன். மழைத்தண்ணீர் எது, கண்ணீர் எது என்று தெரியாமல் முகம் நனைந்திருந்தது.

பத்தே முக்காலுக்குப் பொட்டலுக்குள் நுழைந்தேன். பெரிய லாரி வண்டிப்பாதையில் வந்து நின்றிருந்தது, பழைய ரிக்குக்கும் அதற்கும் நூறு அடிகூட இருக்காது. டிரைவர் இறங்கிப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ரிக் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாடன் அண்ணாச்சி லீவரைப் பிடித்து நின்றார். அவருக்கு உதவியாள் இசக்கிமணி குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஆசிக் துளையிலிருந்து நாலைந்து எட்டுத் தள்ளிப் பம்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். ரிக் நிறுத்தச் சமப்படுத்தியிருந்த மண்ணின் விளிம்பு வரை வந்ததும் என் கால் நின்றுவிட்டது. உள்ளே என் புருஷன் உட்கார்ந்திருக்கிறார், எனக்கு ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை. அதை இன்றைக்கும் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது. அங்கேயே நின்று கையை ஆட்டினேன், கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கல்லை எடுத்து எஞ்சின் தகரத்தில் ஓங்கி எறிந்தேன். மாடன் அண்ணாச்சி திடுக்கிட்டுத் திரும்பினார், என்னைப் பார்த்தார், எஞ்சினை அணைத்தார். சின்ன டீசல் பம்ப் மட்டும் தட்டதட்டவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் இங்கன வாங்க" என்றேன். "எதையும் எடுக்க வேண்டாம். மெதுவா நடந்து வாங்க."

"என்ன மேடம், கல்ல விட்டு எறியுதீக" என்று ஆசிக் சிரித்துக்கொண்டே எழுந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மூன்று பேரும் வந்தார்கள். லாரி டிரைவரும் என்ன சண்டை என்று பார்க்க வந்து நின்றார். பையிலிருந்து துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

இசக்கிமணி ஒரு எட்டுப் பின்னால் போனார். மாடன் அண்ணாச்சி அதைத் தொடவில்லை. அவருக்கு ஐம்பது வயதிருக்கும், என் தகப்பன் வயது, என்னிடம் ஒருநாளும் தலை குனிந்து பேசாதவர். இப்போது மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பன்னெண்டு மீட்டர்ல ராடு தொபுக்குன்னு எறங்கிட்டு, மேடம். பிடியே இல்ல. அப்பொறம் துளையில இருந்து காத்து வந்துது. கொஞ்ச நேரம் வெளிய விடும், கொஞ்ச நேரம் உள்ள இழுக்கும். மூச்சு விடுத மாதிரி. இருவத்தாறு வருசமா துளை போடுதேன், அப்படி ஒரு மூச்சக் கேட்டதில்ல. மறுநா காலையில போய் மந்திரிச்சு வாங்கியாந்து போட்டேன். கீழ கெடக்கது கீழயே கெடக்கட்டும்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பொந்துன்னு சொன்னா நீங்க துளைய மூடச் சொல்லுவீக. ஏழு துளையும் போச்சுன்னா எங்கள ஊருக்கு அனுப்பிருவாக. பெட்டியில எடம் காலியா கெடந்தா கேப்பீகன்னு சரளைய அள்ளி வச்சது இவன்தான்." இசக்கிமணி தலையைத் தூக்கவேயில்லை. "தகடு நேரா அடியில போய் விழுந்து அங்கனயே கெடக்கும்னு நெனச்சோம். அடுத்த ஓட்டத்துல முனை அதையே அரைச்சு மேல கொண்டாந்துரும்னு யாரு கண்டா? அத நீங்க செம்புன்னு எழுதுவீகன்னும் தெரியாது."

நான் ஆசிக்கைப் பார்த்தேன்.

"அன்னைக்கு அடுப்படியில சொல்லிரணும்னுதான் நெனச்சேன்" என்றார். "நீ அந்தப் போட்டோவ வச்சிக்கிட்டு நின்ன நிலை இருக்கே. கல்யாணம் ஆகி உன்ன அப்படிப் பாத்ததில்ல. வாய் வரல."

"ஆறு நாளா இது மேல உக்காந்து தண்ணிய விட்டிருக்கீங்க. கீழ கரைஞ்சுகிட்டே போகும்னு உங்க யாருக்கும் தோணலையா?"

மாடன் அண்ணாச்சி அப்போதுதான் நிமிர்ந்தார். "தண்ணி திரும்பலன்னு ஆறு நாளும் எழுதித்தான தந்தோம், மேடம். அதுல நாங்க ஒண்ணும் மறைக்கலையே. நீங்க பாத்துத்தான கையெழுத்துப் போட்டீக. நீங்க ஒண்ணும் சொல்லலன்னதும், பயப்பட ஒண்ணும் இல்லன்னு நெனச்சோம்."

அவர்கள் பொந்தை என்னிடமிருந்து மறைத்தார்கள். நான் தண்ணீரை என்னிடமிருந்தே மறைத்துக்கொண்டேன். அவர்களுக்காவது வேலை போகுமென்ற பயம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கேட்டது. பம்ப் சத்தத்துக்கு அடியில், எங்கோ கீழே, குடத்துக்குள் கல் போடுகிற மாதிரி ஒரு ஓசை. ஒன்று. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து. லாரி டிரைவர் பின்னோக்கியே நடந்து விலகினார்.

"எல்லாரும் தள்ளி வாங்க" என்றேன்.

"பம்ப் ஓடுது" என்றார் ஆசிக். "தண்ணி இன்னும் போய்க்கிட்டிருக்கு."

"போகட்டும். விடுங்க."

"ஓட ஓடத் தானே கரையும்? பத்து எட்டு. வால்வ அடைச்சிட்டு வந்திருதேன்."

கையைப் பிடித்தேன். ஈரக்கை, நழுவிவிட்டது. அவர் விளிம்பைத் தாண்டி உள்ளே நடந்தார். நான் எண்ணினேன். பத்து இல்லை, பதினாலு எட்டு. குனிந்தார். பம்ப் இருமிக்கொண்டு நின்றது. திடீரென்று அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் கீழிருந்து மண் சரிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது போல. அவரும் கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்பது வருஷம் பாலைவனத்தில் ரிக் பார்த்த மனுஷர் அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"வாங்க" என்றேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை.

அவர் ஓடவில்லை, வேகமாக நடந்தார். ஆறாவது எட்டில் ரிக்கின் இடதுகால் மண்ணுக்குள் இறங்கியது. சத்தமே இல்லை. உயரமான இரும்புக் கோபுரம் யாரோ கூப்பிட்டது போல மெதுவாகத் தலை சாய்த்தது. அப்புறம்தான் அவர் ஓடினார். அவருக்குப் பின்னால் முக்காலி போனது, டீ கிளாஸ் போனது, பம்ப் போனது. கடைசி எட்டில் அவர் குதிகாலுக்குக் கீழே மண் உடைந்தது. மாடன் அண்ணாச்சி பாய்ந்து சட்டையைப் பிடித்தார், நான் கையைப் பிடித்தேன், மூன்று பேரும் ஒன்றாக விழுந்தோம். விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்தே வெகுதூரம் வந்தோம்.

திரும்பிப் பார்த்தபோது ரிக்கின் நுனி மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு வெளியே தெரிந்தது. அதைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளம். ஒரு வீட்டை வைத்து மூடலாம். விளிம்பிலிருந்து கட்டி கட்டியாக இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

ஆசிக்கின் முகம், தோள், கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தேன். அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள் என்ற வெட்கம் இல்லை. ஒரு செருப்பு மட்டும் போயிருந்தது. அவருக்குப் பல் கிட்டித்திருந்தது. நான் அவரைத் திட்டினேன். என்னவெல்லாம் திட்டினேன் என்று நினைவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

போன் அடித்தது. மகாராஜா. நடந்ததைச் சொன்னேன். ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லையே என்று மூன்று தரம் கேட்டார். பிறகு, "அம்மா, எல்லாரையும் பத்திரமான எடமாப் பாத்து நிக்க வைங்க. உங்களுக்குத்தான் அந்த மண்ணு தெரியும்" என்றார்.

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடன் அண்ணாச்சி தான் நிற்கிற இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், இங்கன நிக்கலாமா?"

அந்தப் பொட்டலின் வரைபடத்தை வரைந்தது நான்தான். சுண்ணாம்புக்கு நீலம், ஸ்கார்னுக்குப் பச்சை, கருங்கல்லுக்கு ரோஸ். நாங்கள் நின்ற இடம் ரோஸ். ரோஸ் என்றால் கெட்டிப் பாறை, யானை நின்றாலும் அசையாது. ஆனால் அங்கே ஒரு துளைகூடப் போட்டதில்லை. மேலே ஒரு கல்கூட வெளியே தெரியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கருங்கல் இருந்தது, நடுவிலும் அதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு மத்தியானம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பென்சிலால் கோடு இழுத்துப் பூசிவிட்டேன். அதன் கீழும் கையெழுத்து இருக்கிறது.

நாலு பேரும் காத்திருந்தார்கள். நிற்கலாம் என்று நான் சொன்னால் நிற்பார்கள். அதுதான் என்னை அப்போது பயமுறுத்தியது. பள்ளத்தைவிட அதிகமாக.

"தெரியாது, அண்ணாச்சி" என்றேன். "எனக்குத் தெரியாது."

லாரி டிரைவர் தன் லாரியைப் பார்த்தார், கிட்டே போகவில்லை. தார் ரோடு ஒரு பர்லாங் தூரத்தில் இருந்தது. வாகனங்கள் போகிற ரோடு, நாள்தோறும் எடை தாங்குகிற ரோடு, அது வரைக்கும் போய்விடலாம் என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

"நான் முன்னால போறேன்" என்றேன். "தள்ளித் தள்ளி வாங்க. யாரும் ஒட்டி வராதீங்க."

சாரல் மறுபடி பிடித்திருந்தது. நனைந்த செம்மண்ணில் ஒவ்வொரு காலாக ஊன்றி, கொஞ்சம் அழுத்திப் பார்த்து, பிறகு எடை வைத்து நடந்தேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நாலு பேரும் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அடுத்து ஆசிக், ஒரு காலில் செருப்பில்லாமல். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, என் காலடி பதிந்த இடங்களாகத் தேடித் தேடி அதில் தன் காலை வைத்து வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள்.